கனடாவை ஆர்வியில் கடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாக ஆர்வியை (உள்ளேயே தங்கி உறங்கும் வசதி கொண்ட பயண வண்டியை) வாடகைக்கு எடுத்துக் கனடாவைக் குறுக்காகக் கடக்க விரும்பும் நண்பர்கள், கோடை நெருங்கும்போது தங்கள் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டுவது வழக்கம். கூரைச் சன்னலை மூடாமல் கிளம்புவது போன்ற சிறு பிழைகள் இரண்டு நாள் பழக்கத்தில் தாமே திருந்திவிடும். இங்கே எழுதுவது, வண்டி புறப்படும் முன்பே திட்டத்தில் புகுந்துவிடும் பிழைகளைப் பற்றி.

கைபேசி சொல்லும் நேரத்தை நம்பி முகாம்களைப் பதிவு செய்தல்

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் மீண்டும் மீண்டும் நடக்கும் இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. சூ செயின்ட் மேரியிலிருந்து தண்டர் பே வரை ஏறத்தாழ 700 கி.மீ. கைபேசி காட்டும் நேரம், எங்கும் நிற்காமல் ஓடும் காருக்கானது. சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிய அந்தச் சாலை பெரும்பாலும் இருவழிப்பாதை. ஏற்ற இறக்கங்கள் மிகுதி, எரிபொருள் நிலையங்கள் குறைவு. ஆர்வியில் அதே தூரத்துக்கு முழுப் பகலும் போதாது.

ஸ்காபரோவிலிருந்து சென்ற ஒரு குடும்பம் அதை ஒரே நாளில் கடந்து, மறுநாள் கெனோரா, அதற்கடுத்த நாள் வினிபெக் என்று எல்லா முகாம்களுக்கும் பணம் கட்டியிருந்தது. மாரத்தான் ஊரை அடையும்போதே மாலை மங்கிவிட்டது. அங்கே தங்கியிருக்க வேண்டியவர்கள், கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று இருட்டில் தொடர்ந்து ஓட்டினார்கள். மூஸ் மான்கள் சாலைக்கு வரும் நேரம் அது. கரிய உடலும் நெடிய கால்களும் கொண்ட அந்த விலங்கு, மிக அருகில் வரும்வரை விளக்கொளியில் தெரிவதில்லை. ஒன்று குறுக்கே வந்து மயிரிழையில் தப்பியது. அதற்குமேல் ஓட்டத் துணிவின்றி வழியிலேயே இரவைக் கழித்தார்கள். மறுநாள் திட்டமும் அதற்கடுத்ததும் சரிந்தன. முகாம் கட்டணங்கள் திரும்பவில்லை. காண வந்த ஏரியையும் அவர்கள் சரியாகக் காணவில்லை.

அந்தப் பகுதியில் சாலை அடைபட்டால் மாற்றுவழியும் எளிதில் கிடைக்காது. 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலம் பழுதடைந்தபோது, நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒரே சாலை அங்கே துண்டிக்கப்பட்டது. எனவே ஒரு நாளைக்கு 400 கி.மீ.க்கு மேல் எழுதாதீர்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஓட்டமே இல்லாத ஒரு நாளை விட்டுவையுங்கள். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை 7,000 கி.மீ.க்கும் மேல் நீளமானது. இந்தக் கணக்கில் ஒருவழிப் பயணத்துக்கே மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். அவ்வளவு விடுமுறை இல்லாதவர்கள் பாதி நாட்டை நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

பான்ஃப், ஜாஸ்பர் முகாம்களை ஜூன் மாதத்தில் தேடுதல்

ராக்கி மலைகளில் உள்ள இந்தத் தேசியப் பூங்காக்களுக்கான முன்பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மலைச்சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குதல்

கிக்கிங் ஹார்ஸ், ராஜர்ஸ் கணவாய்களில் சரிவு தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுங்கள். நெடுநேரம் மிதித்த பிரேக் சூடேறி, மிகவும் தேவைப்படும் வளைவில் பிடிக்காமல் போகும்.

உணவை வெளியே வைத்துவிட்டு உறங்குதல்

கரடி வரும்.

நியூஃபவுண்ட்லாந்து கப்பலைக் கடைசியில் நினைத்தல்

நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னியிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து தீவின் துறைமுகமான போர்ட் ஓ பாஸ்க் செல்லக் கப்பலில் சுமார் 7 மணி நேரம் ஆகும். வண்டியின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறுவதால், பின்னால் மாட்டிய மிதிவண்டித் தாங்கியையும் சேர்த்து அளந்து பதிவு செய்யுங்கள். இறங்கிய இடத்திலிருந்து மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸ் இன்னும் ஏறத்தாழ 900 கி.மீ. 1904-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மூஸ் மான்கள் இன்று அந்தத் தீவெங்கும் பெருகியிருக்கின்றன. ஆகவே மாலைக் கப்பலில் வந்து சேர்பவர்கள் அன்றிரவு துறைமுக ஊரிலேயே தங்கிவிட்டு, பொழுது நன்றாக விடிந்தபின் புறப்பட வேண்டும்.