“எங்கட பொடியன்தானே”: இளம் வேலையாட்களிடம் முதலாளிமார் விடும் தவறுகள்

திருகோணமலைக் கடற்கரையில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலா சீசன் சித்திரைக்குப் பிறகு சூடுபிடித்துப் புரட்டாதி வரை போகும். அந்த ஐந்து மாதத்தில் வருடத்துக்கே உழைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓடும் ஒரு விடுதியில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். வேலைக்கு வந்ததில் கனபேர் உயர்தரம் எழுதிவிட்டு வந்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன், அவற்றில் சில நான் செய்தவை.

“நாங்கள் சண்டையையும் பார்த்து, சுனாமியையும் பார்த்து வந்தனாங்கள், உங்களுக்கு என்ன குறை?” திருகோணமலையில் இதைச் சொல்லாத முதலாளி குறைவு. சொல்பவர் தன் வலியிலிருந்துதான் சொல்கிறார், அது விளங்குகிறது. ஆனால் 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அதில் கேட்பது ஒன்றுதான்: உன் கஷ்டம் கணக்கில் வராது. அப்புறம் மனம் சரியில்லாவிட்டாலும் அவன் தலையிடி என்று மட்டும்தான் சொல்வான்.

“நாங்கள் ஒரு குடும்பம்” என்பதும் அப்படித்தான். குடும்பம் என்றான பிறகு, “இன்றைக்கு ஏலாது அண்ணா” என்று தம்பி எப்படிச் சொல்வது? டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. பாசத்தை அதற்குப் பிறகு காட்டலாம்.

இரவு பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் “நாளைக்கு 5 மணிக்கு வா” என்று போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. கிண்ணியாப் பொடியன் ஒருவன் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டுதான் படுக்கிறான் என்று அவனுடைய தாய் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு டியூட்டி லிஸ்டை வியாழக்கிழமையே சுவரில் ஒட்டினேன்.

ஆட்களுக்கு முன்னால் ஏசுவது இன்னொன்று. ரிசப்ஷனில் இருந்த மூதூர்த் தங்கச்சி ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள். வெளிநாட்டு விருந்தினர் பார்த்துக்கொண்டு நிற்கக் கத்திவிட்டேன். அடுத்த நாளிலிருந்து போன் அடித்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் எடுப்பாள். மன்னிப்பை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்கவில்லை, அதே கவுண்டரில் வைத்தே கேட்டேன். அப்படியும் அந்தப் பார்வை போக நாள் எடுத்தது.

ஒரு பிள்ளை மனம் திறந்து ஏதும் சொன்னால், “நல்லதுக்குத்தான்” என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லாதீர்கள். நம்முடைய ஊர் சின்ன ஊர். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அது வேறு கதை, அப்போது தனியே விடக்கூடாது. கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வரச் சொல்வதில் பிழையில்லை, ஆனால் டொக்டருக்குப் பதில் அதுவல்ல. கிளினிக் நாளுக்கு லீவு கேட்டால் எந்தக் கிளினிக் என்று துருவ வேண்டாம்.

“அங்கொடை” என்ற சொல்லை இன்னும் பகிடிக்குப் பாவிக்கிறோம். அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் எடுக்கலாம். அதை எழுதி ஒட்டுங்கள், மனேஜர் மேசைக்குப் பக்கத்தில் அல்ல. வேலையாட்கள் உடுப்பு மாற்றும் அறைக் கதவின் உட்பக்கம் நல்ல இடம், அங்கே நின்று யார் வாசித்தாலும் வெளியே தெரியாது.