குடும்ப எஸ்யூவியை இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்பது எப்படி?

2017-இல் வாங்கிய எங்கள் மகிந்திரா எக்ஸ்யூவி500 வண்டியைச் சென்ற ஆண்டு நானே விற்றேன். முதன்முறை விற்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நன்றாகப் பராமரித்த வண்டிக்கு விலை எப்படியும் படிந்துவிடும், ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், பெயர் மாற்றம்தான் நாம் பின்தொடராமல் நடக்காது. எனவே, வண்டியைக் கழுவுவதற்கு முன் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: ஆர்.சி., காப்பீடு, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், சர்வீஸ் பில்கள், இரண்டு சாவிகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கடன் முழுவதும் அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கக்கூடும். வங்கியிடம் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் பெற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை நீக்கிவிட வேண்டும். நிலுவை அபராதம் உள்ளதா என்பதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி வண்டியைத் தயார் செய்வது. சிறு பழுதுகளைச் சரிசெய்யலாம். ஆனால், விற்பதற்காகப் புதிதாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஒரு கதவு மட்டும் பளபளத்தால் விபத்தோ என்ற சந்தேகமே வரும். விவரம் தெரிந்தவர் கதவின் ரப்பர் பீடிங்கை விலக்கி வெல்டிங் புள்ளிகளைப் பார்ப்பார். மூன்றாவது வரிசையில் அமர்ந்து ஏ.சி. குளிர்கிறதா என்று பார்ப்பார்; டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படிப்பார். 3222 என்றிருந்தால், அது 2022-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரான டயர். எங்கள் வண்டியின் முன் பம்பர் ஒருமுறை உரசியதால் பெயிண்ட் அடித்திருந்தோம். வந்தவர் கேட்பதற்கு முன்பே அந்த பில்லை எடுத்துக் கொடுத்தேன். அதன்பின் அவர் அழைத்துவந்த மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விலைக்கு, அதே ஆண்டு, அதே வேரியன்ட், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் விளம்பரங்களைப் பாருங்கள். அவை கேட்கும் விலைகளே தவிர, படிந்த விலைகள் அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் உடன் அமருங்கள். விலை முடிந்ததும் டோக்கன் அட்வான்ஸுக்கு ரசீது எழுதிக் கொடுங்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எனவே, மீதியை வங்கி வழியாகவே வாங்குங்கள். குறுஞ்செய்தியை நம்பாமல், கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி: பெயர் மாற்றம். உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதிகளும், பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-உம் வேண்டும். வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால், படிவம் 28 வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பாத வெற்றுப் படிவத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். கைமாற்றிய தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலம் என்றால் 45 நாட்களுக்குள்ளும் விற்றவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அறிமுகமானவர்தானே என்று இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, பின்னால் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஃபாஸ்டாகை வங்கியில் சொல்லி மூடுங்கள். காப்பீட்டில் இழப்பீடு கோராததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அன்று, உங்களுக்கே உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் பெற்றால், 3 ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

பெயர் மாறும்வரை வாரம் ஒருமுறையாவது வாங்கியவரைக் கேட்டுக்கொண்டே இருங்கள். எங்களிடம் வாங்கியவர் புதிய ஆர்.சி.யைப் படமெடுத்து அனுப்பினார். உரிமையாளர் வரிசை எண் 2 என்று அதில் பார்த்த பிறகுதான் அந்தக் கோப்பை அலமாரியில் வைத்தேன்.