ஐரிஷ் மொழியில் நூலும் கயிறும்: தந்தியை நம்பினால் தடுமாறுவீர்கள்

ஐரிஷில் நூலுக்கோ கயிற்றுக்கோ சொல் தேடினால் ‘ஸ்ரங்’ சட்டென்று வந்து நிற்கும். அதையே எல்லா இடத்திலும் போட்டுவிடுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு. ஸ்ரங் நூலையும் குறிக்கும், கம்பியையும் குறிக்கும். மின்கம்பி, முள்கம்பி எல்லாம் அதன் கணக்கு. பொட்டலம் கட்டும் நூலுக்கு ‘ஸ்ரங்கான்’ பொருத்தம். வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு ‘சூகான்’. கிராமத்து நாற்காலிகளுக்கு அதில்தான் இருக்கை பின்னுவார்கள்.

தமிழர்கள் சறுக்கும் இடம் வேறு. நமக்கு வீணையில் இருப்பதும் தந்தி, ஒரு காலத்தில் தபால்காரர் கொண்டுவந்ததும் தந்தி. ஐரிஷில் இரண்டும் சேராது. செய்தித் தந்தி ‘ஸ்ரங்ஷ்கேல்’, அதாவது கம்பிச் செய்தி. யாழ் நரம்போ ‘ட்யேட்’. பழைய ஐரிஷ் யாழ்களில் பித்தளைக் கம்பிதான் கட்டினார்கள், ஆகவே ஸ்ரங் சரியாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனாலும் வாத்தியத்துக்கு ட்யேட்தான். கயிறு இழுக்கும் போட்டியில் பிடிக்கிற தடித்த வடமும் அதே ட்யேட் என்பது கொஞ்சம் வேடிக்கை.

அப்புறம் உச்சரிப்பு. ஸ்ரங் என்பதன் எழுத்துக்கூட்டலில் (sreang) ஒரு ‘e’ இருக்கும். அதைப் பார்த்து ‘ஸ்ரீயாங்’ என்று நீட்ட வேண்டாம். அது பெண்பால் சொல் என்பதால் ஆங்கில ‘the’ போன்ற ‘அன்’ என்ற சுட்டு முன்னால் வந்தால் ஒரு ‘ட்’ ஒட்டிக்கொள்ளும். ‘ஸ்’ எழுத்தில் இருக்கும், வாயில் வராது: ‘அன் ட்ரங்’. இந்த விதியை ஸ்ரங்கானுக்கும் நீட்டிவிடுகிறார்கள். அது ஆண்பால், ‘அன் ஸ்ரங்கான்’ என்று அப்படியே நிற்கும்.

எண்ணோடு சேரும்போது பன்மை போடுவதும் தவறு. நாம் பேச்சில் ‘மூணு கயிறு’ என்பதுபோல அங்கேயும் ஒருமைதான், ஆனால் இரண்டு முதல் ஆறு வரையான எண்களுக்குப் பின் முதல் எழுத்து இளகும், ட்யேட் ‘ஹேட்’ ஆகிவிடும்: ‘ட்ரீ ஹேட்’, மூன்று நரம்பு.

கணினி நிரலில் எழுத்துத் தொடரைக் குறிக்கும் ‘ஸ்ட்ரிங்’குக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. அதற்கென்று ‘ட்யைரான்’ என்ற கலைச்சொல் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ட்யங்லன் என்ற இணைய அகராதியைப் பாருங்கள். கானாக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர் என மூன்று வட்டார உச்சரிப்பும் அதில் ஒலிப்பதிவாகக் கிடைக்கும்.