வீட்டிலேயே ஐராக்: கடைவதில்தான் எல்லாம் இருக்கிறது

மங்கோலிய மேய்ச்சல்காரர்கள் கோடையில் குடிக்கும் புளித்த குதிரைப்பாலுக்குப் பெயர் ஐராக். கசாக், கிர்கிஸ் மக்கள் இதைக் குமிஸ் என்பார்கள். மாட்டுத்தோல் பையில் பாலை ஊற்றி, பழைய ஐராக்கைப் பிரையாகச் சேர்த்து, நீண்ட மரத்துடுப்பால் நூற்றுக்கணக்கான தடவை கடைவார்கள். கூடாரத்துக்குள் வருகிறவர், போகிறவர் எல்லாரும் நாலு கடை கடைந்துவிட்டுப் போவது வழக்கம். இந்தச் செய்முறையை 2019-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

குதிரைப்பாலுக்கு நாம் எங்கே போவது? பசும்பாலில் செய்யலாம். ஆனால் இரண்டு வித்தியாசங்களை மனதில் வையுங்கள். குதிரைப்பாலில் சர்க்கரை அதிகம், கேசீன் என்ற புரதம் குறைவு. அதனால் அது தயிர்போல் கட்டியாக உறையாது.

முதலில், கொழுப்பு நீக்கிய பால் 1 லிட்டரைக் காய்ச்சுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 டம்ளர், சர்க்கரை 2 மேசைக்கரண்டி சேர்த்துக் கரையுங்கள். சர்க்கரையைக் குறைக்க வேண்டாம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டால் பாலிலுள்ள சர்க்கரையை நொதிக்க வைக்க முடியாது. நாம் போடுவதுதான் அதற்குச் சாப்பாடு.

வெதுவெதுப்பானதும் அரை டம்ளர் புளித்த தயிரை அடித்து ஊற்றி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவுங்கள்.

அப்புறம் மத்தை எடுங்கள். முதல் ஐந்தாறு மணி நேரம், மணிக்கு ஒருமுறை ஐம்பது கடை. பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடி வைத்தால் போதும். கடைவதில் சோம்பல்பட்டால் கிடைப்பது தயிர்தான், ஐராக் அல்ல. கடையக் கடையப் புரதம் பொடிப்பொடியாக உடையும். ஈஸ்ட்டும் எல்லா இடத்திலும் பரவும்.

எட்டு, பத்து மணி நேரத்தில் புளிப்பு வாசமும் சின்னக் குமிழிகளும் வந்துவிடும். சரி, இப்போது பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி மூடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வாயு அழுத்தத்தில் வெடிக்கும். வாயு நிரம்பிப் பாட்டில் விறைப்பானதும் ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் மூடியை மெல்லத் திறந்து வாயுவை விடுங்கள். பூசணமோ கெட்ட நாற்றமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குதிரைப்பால் ஐராக்கில் சுமார் 2 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். இதிலும் கொஞ்சம் உண்டாகும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

நன்றாகக் குளிர்ந்ததும் கிண்ணத்தில் ஊற்றிக் குடியுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிட்டு, அரை டம்ளரை மட்டும் மிச்சம் வையுங்கள். அடுத்த முறைக்கு அதுதான் பிரை.