ஒரு மதகு, ஒரு நடவு: நெல் வயல்களுக்குத் தேதி குறிப்பதும் ஓய்வு கொடுப்பதும்

சென்னையில் குடியிருந்துகொண்டு மதுராந்தகம், உத்திரமேரூர், பொன்னேரிப் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் நன்செய் வைத்திருப்பவர்கள், தமக்கு விடுமுறை கிடைக்கும் நாளையும் ஊரில் ஆள் கிடைக்கும் நாளையும் பார்த்தே நடவுக்குத் தேதி குறிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒரு சம்பாவில், சுற்றியுள்ளவர்கள் நட்டு ஐந்து வாரம் கழித்து என் நிலத்தில் நடவு நடந்தது. பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்த வாரத்தில் என் பயிர் பால் பிடித்து நின்றது. அந்த ஏரியின் கீழுள்ள எலி, குருவி, பூச்சி அத்தனைக்கும் மிச்சமிருந்த ஒரே பந்தி அதுதான். மருந்துக்குச் செலவழித்த பணம் விளைச்சலில் திரும்பி வரவில்லை.

நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் பல, வயலில் நெல் தொடர்ந்து நிற்பதை நம்பியே பெருகுகின்றன. நெல்லின் தண்டில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான புகையான், நெல்லைத் தவிர வேறு பயிரில் பெருகுவதில்லை. ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். எனவே ஓர் ஆயக்கட்டில், அதாவது ஒரே ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், இங்கொரு வயல் பக்கத்தண்டு விட்டுத் தூர்கட்டும்போது அங்கொரு வயல் கதிர்விட்டு நின்றால், பூச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றிக் குடிபெயர்கிறது. எலியின் கதையும் இதேதான். பயிர் பொதிப்பருவத்தை, அதாவது கதிர் தண்டுக்குள் திரளும் பருவத்தை, அடையும்போதுதான் அதன் இனப்பெருக்கம் சூடுபிடிக்கும். சினைக்காலமோ சுமார் மூன்று வாரம். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் கதிர்விட்டால் ஓர் ஈற்றோடு நின்றுவிடக்கூடியது, கதிர்விடும் காலம் இரண்டு மாதத்துக்கு நீண்டால் அடுத்தடுத்த ஈற்றுகளாகிவிடுகிறது.

முன்பு இந்த ஒழுங்கைப் பெரும்பாலும் பயிரே பார்த்துக்கொண்டது. பழைய சம்பா ரகங்களில் பல பகல் பொழுதின் நீளத்தை உணர்ந்து பூப்பவை; முன்னே பின்னே விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர்விடும். இன்றைய குறுகிய கால ரகங்கள் நாள்கணக்கில் விளைபவை. ஆகவே நாள்கணக்கு பார்க்கும் வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் எல்லையை முடிவு செய்ய வேண்டும். ஊர் முழுவதையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர முயன்றால் கூட்டம் சண்டையில்தான் முடியும். ஒரு மதகின் கீழ் பாயும் நிலங்களை ஓர் அலகாகக் கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். எந்தக் கால்வாயில் யார் நிலம் முதலில் நனையும், எந்த மடையில் கசிவு அதிகம் என்பதெல்லாம், ஏரித் தண்ணீரைத் திறந்து பகிர்ந்துவிடும் நீர்க்கட்டிக்கு மனப்பாடம். அவரை உட்காரவைத்து, நில உரிமையாளர், குத்தகைக்காரர், ரகம், நாற்றங்கால் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. ஏரித் தண்ணீருக்குக் காத்திருக்கத் தேவையில்லாத அவர்கள்தான் பெரும்பாலும் முதலில் நடுகிறார்கள், அல்லது கடைசியில் நடுகிறார்கள்.

அடுத்தது தேதி. அதை அறுவடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சென்னையைச் சுற்றிய மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவதால், சம்பா அறுவடை டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.எம். 13 போன்ற 130 நாள் ரகத்தை ஆகஸ்ட் 20 அன்று விதைத்தால் டிசம்பர் 28 வாக்கில் அறுக்கலாம். ஏதோ காரணத்தால் தாமதித்தவர் செப்டம்பர் 9 அன்று 110 நாள் ரகத்தை விதைத்தாலும் அதே நாளில் வந்து சேர்ந்துவிடுவார். பிந்தியவரைத் திட்டுவதைவிட அவருக்குக் குறுகிய கால விதையைத் தேடிக் கொடுப்பது பயனுள்ளது.

எல்லோரும் ஒரே நாளில் நட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது. நடவாளும் டிராக்டரும் தண்ணீரும் ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் கிடைக்காது. ஒரு மதகின் கீழ் முதல் நடவுக்கும் கடைசி நடவுக்கும் இடையே இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் கடைமடையை முதலில் நனைத்துவிட்டால், தலைமடைக்காரர் முந்திக்கொண்டு தண்ணீரை மறித்தார் என்ற பழைய புகார் எழாது. பொது நாற்றங்கால் போடுவது இதற்குப் பெரிய உதவி; ஏக்கருக்கு 8 சென்ட் என்ற கணக்கில் ஒரே இடத்தில் நாற்று விட்டால், நாற்றின் வயதே எல்லோரையும் தேதிக்குள் இழுத்துவந்துவிடும்.

அறுவடையிலும் இந்த ஒற்றுமைக்குப் பலன் உண்டு. உள்வயலுக்குப் போகும் அறுவடை இயந்திரம் பாதையோர வயல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பச்சைப் பயிர் நின்றால் வழி கிடையாது. பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் அதன் கசிவில் நம் வயல் காயாது. டயர் வண்டி இறங்க முடியாமல், வாடகை கூடுதலான பெல்ட் வண்டிக்குக் காத்திருக்க நேரும்.

ஓய்வுதான் பலருக்குக் கசக்கும் பகுதி. கோடையில் தொடங்கும் சொர்ணவாரி, மழைக்காலச் சம்பா, அதற்குப் பின் வரும் நவரை என்று மூன்று போகத்துக்கும் கிணற்றுத் தண்ணீர் இருக்கும்போது ஒன்றை ஏன் விட வேண்டும் என்று கேட்பார்கள். பாலித் தீவில் 1970களில் ஓய்வை விட்டுவிட்டு நெல்லுக்குப் பின் நெல் என்று பயிரிட்டபோது பூச்சி பெருகித் திண்டாடினார்கள். கோயிலை மையமாக வைத்துத் தண்ணீரையும் நடவையும் ஓய்வையும் கூடி முடிவு செய்யும் அவர்களுடைய சுபாக் முறையை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. என் பரிந்துரை, நவரைக்குப் பின் சொர்ணவாரியை விடுவது. போகத்தை விட மனமில்லாதவர்கள் இரு நெற்பயிருக்கு நடுவே ஒரு மாதமாவது மதகின் கீழ் எங்கும் நெல் இல்லாதபடி செய்ய வேண்டும்.

ஓய்வு என்பது வயலை மறந்துவிடுவதல்ல. இயந்திரம் உயரமாக அறுத்துவிட்டுப் போன தாள்கட்டையை அடியோடு பிடுங்கி நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே குருத்துப்பூச்சியின் வெளிர்மஞ்சள் புழு சுருண்டிருப்பதைப் பல கட்டைகளில் காணலாம். அடுத்த போகத்துக்கான பூச்சி அங்கேதான் தங்கியிருக்கிறது. ஆகவே அறுவடை முடிந்த கையோடு தாளை மடக்கி உழ வேண்டும். கோடை மழை விழுந்ததும் மறுபடி உழுது வெயிலில் காயவிட்டு, ஜூன் கடைசியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுதால் சம்பாவுக்கு உரமாகும். அல்லது, உழுவதற்குப் பதிலாக, ஈரம் இருக்கும் வயலில் அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே உளுந்து தூவிவிடலாம். நெல்லின் பூச்சிக்கு அது உணவாகாது, நமக்குக் கையில் காசாகும்.

வரப்பு வேலைக்கும் இதுவே காலம். அகன்ற வரப்புகளைச் செதுக்கிக் குறுக்கினால் எலிக்கு வளை தோண்ட இடம் குறையும். எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களை மதகுக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அழைத்து, கூலியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வயலிலிருந்து வந்து நிரம்பிவிடும்.

குத்தகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று போகத்துக்கும் குத்தகை நெல் கேட்டால், பயிரிடுபவர் மூன்று போகமும் நட்டுத்தான் தீருவார். ஓய்வுப் போகத்துக்குக் குத்தகையைத் தள்ளுபடி செய்யுங்கள், அதை முன்கூட்டியே எழுதியும் கொடுங்கள். நாற்றங்காலுக்கு ஒரு வாரம் முன்னால் நேரில் போய், உதிர்ந்து முளைத்த நெல்லும், அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் பச்சையாகத் தலைகாட்டுகின்றனவா என்று எல்லோருமாக வரப்பில் நடந்து பாருங்கள். நெற்பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் துங்ரோ நோயின் கிருமி அவற்றில் தங்கியிருந்து, பச்சைத் தத்துப்பூச்சி வழியாக இளநாற்றுக்குப் பரவக்கூடும் என்பதால், கண்ட இடத்தில் உழுதுவிட்டுத்தான் விதையை ஊறவைக்க வேண்டும்.