பகல் பதினொரு மணிக்கு வீடு பார்க்காதீர்கள்: நகர மையத்துப் புது உயர்மாடிக் குடியிருப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் ஓர் இளம் தம்பதியைப் பார்த்தேன். கணவர் கையில் முட்டை அட்டைபோல் மேடும் பள்ளமுமான சாம்பல் நிற ஃபோம் பலகைகள், முகம் மறையும் உயரத்துக்கு. "படுக்கையறைச் சுவரில் ஒட்டவா?" என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மனைவி. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே பலகைகளை அதே லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். இன்றும் என் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கின்றன.

இடையில் நான்கு ஆண்டுகள் உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். புதிதாகக் குடிவருபவர்கள் எந்த மாதம் எந்தப் புகாரோடு வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். சோபா லிஃப்ட்டில் நுழையுமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, நாய் வளர்க்கலாமா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

பகலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது

நான் வீடு பார்க்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. இருபத்திரண்டாவது மாடி. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடக அரங்கு, அதை ஒட்டி இசை நிகழ்ச்சிகள் நடக்கும் கூடம், இரண்டு மதுவிடுதிகள். எல்லாம் சாத்திக் கிடந்தன. சன்னலை மூடியதும் அறை நூலகம்போல் அமைதியானது. விற்பனைப் பிரதிநிதி கண்ணாடியைத் தட்டிக் காட்டி, "இரட்டைக் கண்ணாடி சார், சாலை இரைச்சலே வராது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சாலை இரைச்சல் வரவில்லைதான்.

குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு அது வந்தது. பாட்டாக இருந்திருந்தால் ரசித்தோ திட்டியோ பொழுதைக் கழித்திருக்கலாம். சொல் இல்லை, ராகம் இல்லை, வெறும் தும், தும், தும். காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிகம் கேட்டது. இரண்டு மணிக்கு ஓய்ந்தது. சனிக்கிழமை மூன்று மணி ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. முதலில் கனமான திரைச்சீலை. பிறகு ஃபோம். அதற்கும் பிறகு, சன்னலுக்கு உட்புறம் இன்னொரு கண்ணாடித் தடுப்பு. வெளிப்புறச் சன்னல் கட்டடத்தின் பொதுச்சொத்து, அதில் கைவைக்கக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டதால், அதற்கு ஒட்டினாற்போல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு உள்ளே ஒன்றைப் பொருத்தினேன். மொத்தத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கரைந்தது. விளைவு என்ன தெரியுமா? மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச வாகன இரைச்சலும் போயிற்று. அதுவரை அந்த 'தும் தும்' மீது போர்வைபோல் கிடந்த இரைச்சல் அது. போர்வையை நானே பணம் கொடுத்து உருவிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

கடைசியில் ஒலியியல் பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அவர் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு, என் எதிரி 50-க்கும் 63 ஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறைந்தால் ஒலி ஆழமானது) இடையில் இருப்பதாகச் சொன்னார். அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன்.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். அதை ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் உறிஞ்சும் என்பது ஆற்று வெள்ளத்தைச் சல்லடையால் தடுப்பதுபோல. ஃபோம் அறைக்குள் எழும் கீச்சொலியின் எதிரொலியை அடக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்க எடை வேண்டும். அங்கும் ஒரு சிக்கல்: அதிர்வெண் பாதியாகக் குறையும்போதெல்லாம் ஒரு சுவரின் தடுக்கும் திறன் சுமார் 6 டெசிபல் குறைகிறது. இரட்டைக் கண்ணாடியில் இருக்கும் 12 அல்லது 16 மில்லிமீட்டர் இடைவெளி வெப்பத்தைத் தடுப்பதற்காக வைத்தது. ஒலிக்காக வைக்கும் கண்ணாடிக்கு 10 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நான் விட்டதோ இரண்டு விரற்கடை.

எனக்கு அதிகக் கோபம் வந்தது அடுத்த விஷயத்தில்தான். விற்பனைக் கையேட்டில் சன்னலுக்கு எஸ்.டி.சி. என்று ஒரு ஒலித்தடுப்பு எண் போட்டிருந்தார்கள், நல்ல எண்தான். ஆனால் அந்த எண் 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கணக்கில் எடுப்பதில்லை. பொது இரைச்சலை அளக்க வழக்கமாகப் பயன்படும் 'டெசிபல் ஏ' அளவுகோலும் அப்படித்தான்: 63 ஹெர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். உண்மையில் 75 டெசிபலாக அதிரும் தாளம் தாளில் 49 ஆகிவிடும். 49 என்றால் மெல்லிய பேச்சுக்குரல் அளவு என்று எண்ணி எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எதிரே இசைக்கூடம் இருக்கும் கட்டடத்துக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுவது, குதிரை வாங்க வந்தவனிடம் அதன் பல்லை மட்டும் காட்டுவதுபோல.

தீர்வு? கட்டிலை நகர்த்தினேன். சிரிக்காதீர்கள். என் படுக்கையறை 3.4 மீட்டர் நீளம். அந்த நீளம் 50 ஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி. அப்படிப்பட்ட அறையில் ஒலி அழுத்தம் இரு முனைச் சுவர்களில் உச்சத்துக்குப் போகும், நடுவில் அடங்கும். என் தலைமாடு சுவரை ஒட்டி, உச்சத்துக்குச் சரியாக இருந்தது. கட்டிலைத் திருப்பித் தலை அறையின் நடுப்பக்கம் வருமாறு போட்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது. செலவு ஒன்றும் இல்லை. மீதிப் பாதி, சங்கத்தின் மூலம் அந்தக் கூடத்தாரிடம் பேசியதில் குறைந்தது. மேடை ஓரம் இருந்த சப்வூஃபர்களை, அதாவது ஆழ்ந்த ஒலிக்கான பெரிய ஒலிபெருக்கிகளை, இடம் மாற்றிவைத்தார்கள். சண்டை போட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

சண்டை போட வருபவர்களுக்கு ஒரு சொல். "நாங்கள் குடியிருக்கிறோம், அவர்கள் நிறுத்த வேண்டும்" என்ற வாதம் பல இடங்களில் எடுபடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014 முதலும், இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் 2018 முதலும், இரைச்சல் இருக்கும் இடத்தருகே புதிதாகக் கட்டுபவர்தான் அதற்கான தடுப்பைச் செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இருக்கிறது. அரங்கு முன்பே இருந்தது, நாம்தான் பிறகு வந்தோம். கேள்வியைக் கட்டுநரிடம் கேளுங்கள். அதையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். "63 ஹெர்ட்ஸிலும் 125 ஹெர்ட்ஸிலும் சன்னல் எவ்வளவு தடுக்கும்?" என்ற ஒரே கேள்வி போதும். பதில் இல்லாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கைபேசிச் செயலியை நம்பி அளக்காதீர்கள். பல கைபேசிகளின் மைக் ஆழ்ந்த ஒலியைத் தானே வெட்டிவிடும். வெள்ளி அல்லது சனி இரவு பத்தரைக்கு மேல் போய், சன்னலை மூடி, விளக்கை அணைத்து, கட்டில் போடவிருக்கும் மூலையில் சுவரோடு தலையை வைத்து இருபது நிமிடம் உட்காருங்கள். பிரதிநிதி ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்க்கட்டும். கட்டடமே இன்னும் எழும்பவில்லை என்றால் பக்கத்துக் கட்டடத்து வாசலில் நின்று, இரவு வீடு திரும்பும் யாரையாவது கேளுங்கள். அந்த நேரத்தில் யாரும் விளம்பரத்துக்காகப் பேசமாட்டார்கள். அதிகாலை ஐந்து மணிக்கும் ஒருமுறை போங்கள். மதுவிடுதிகளின் காலிப் பாட்டில்களை லாரியில் கொட்டும் சத்தத்தை, விற்பனைக்காகக் காட்டும் மாதிரி வீடு எதிலும் கேட்க முடியாது.

உயரே போனால் சத்தம் குறையும் என்று நம்புவது

குறையாது. கீழ்மாடிக்கு எதிர்க் கட்டடமாவது மறைப்பு. மேலே போகப் போக இன்னும் நான்கு சாலைகளும் பக்கத்துக் கூரையில் உறுமும் குளிரூட்டி இயந்திரங்களும் நேர்ப்பார்வைக்கு வந்துவிடும். சில நேரம் கட்டடமே குரல் கொடுக்கும். மான்செஸ்டரில் 2006-இல் முடிந்த பீத்தம் டவரின் உச்சியிலுள்ள கண்ணாடி அமைப்பு பலத்த காற்றில் ஊளையிடுவது ஊரறிந்த கதை.

"ரயில் நிலையம் இரண்டு நிமிடம்"

வாசலிலிருந்து இரண்டு நிமிடம். வாசலுக்கு வர எத்தனை நிமிடம்?

குடியிருப்புக் கட்டடங்களில், ஐந்து நிமிடத்தில் மொத்தக் குடியிருப்போரில் 5 முதல் 7 சதவீதம் பேரை ஏற்றிச் செல்லும் அளவில்தான் வழக்கமாக லிஃப்ட்டுகளைத் திட்டமிடுவார்கள். அலுவலகக் கட்டடங்களில் 12 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். ரயிலடி வீடு என்பதற்காகவே வந்த எல்லோரும் காலை எட்டேகாலுக்குத்தான் கிளம்புவார்கள். அதோடு புதுக் கட்டடத்தில் முதல் ஆண்டு முழுக்க யாராவது குடிவந்துகொண்டே இருப்பார்கள். ஒரு லிஃப்ட் அவர்கள் வீட்டுச் சாமான்களுக்கென்று பூட்டியிருக்கும். முதல் ஆறு மாதம் நான் தவறவிட்ட ரயில்கள் அனைத்தையும் இருபத்திரண்டாவது மாடியில் லிஃப்ட்டுக்காக நின்றபடிதான் தவறவிட்டேன்.

எத்தனை வீட்டுக்கு எத்தனை லிஃப்ட் என்று கேளுங்கள். எத்தனை மாடிக்கு என்று கேட்டால் பயனில்லை. சுரங்க ரயில் என்றால் இன்னொன்றும் உண்டு: அதன் அதிர்வு மண் வழியாக அடித்தளத்துக்கு ஏறும். கீழ்மாடி வீடு வாங்குபவர்கள் வண்டி கடக்கும்போது தரையில் கைவைத்துப் பார்ப்பது நல்லது.

எதிரே காலி மனை, அதனால் காட்சி மறையாது

கட்டுவார்கள்.

மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர்

அந்தி வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புவீர்கள், எல்லோரும் பொறாமைப்படுவார்கள். பின்மதியம் மூன்று மணிக்கு உள்ளே உட்கார முடியாது. உள்ளே மாட்டும் திரை வெளிச்சத்தை மறைக்கும். ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு வெப்பம் அறைக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளிப்புறத்தில் நிழல் தட்டி மாட்ட எந்தச் சங்கமும் எளிதில் அனுமதிக்காது. ஆகவே மூன்று மணிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முதல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்

முதல் பட்ஜெட்டைப் போடுபவர் வீடுகளை விற்க வேண்டியவர். லிஃப்ட், பம்ப், குளிரூட்டி எல்லாம் வாரண்டியில் இருக்கும். பழுதுச் செலவு கணக்கில் தெரியாது. இரண்டாம் மூன்றாம் ஆண்டில் வாரண்டி முடியும், கட்டணம் தாவும். அந்த ஆண்டு பொருளாளர் நான். "நீங்கள் எல்லோரும் எங்களை ஏமாற்றுகிறீர்கள்" என்று பொதுக்குழுவில் என்னைப் பார்த்துக் கத்தியவர்களில் இரண்டு பேர் இன்றும் லிஃப்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

கட்டணம் குறைவாக இருப்பதைவிட, அதில் எவ்வளவு பெரும்பழுதுக்கான காப்பு நிதிக்குப் போகிறது என்று பாருங்கள். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-இல் கட்டியது. 2018-இலேயே ஒரு பொறியாளர் பழுதுகளை எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்க ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் தேவைப்பட்டது; காப்பு நிதியில் அவ்வளவு இல்லை, உரிமையாளர்களிடையே தகராறு நீண்டது. விபத்துக்குக் காரணம் பணத்தகராறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பொதுக்குழுவில் காப்பு நிதியைக் குறைக்கலாம் என்று யார் எழுந்தாலும் எனக்கு அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வரும்.

சாவி வாங்கும் நாளில் இனிப்புப் பெட்டியோடு போவது

ஒரு வாளி, டார்ச் விளக்கு, கைபேசி சார்ஜர், ஒட்டும் தாள் இவற்றோடு போங்கள். குளியலறைத் தரையில் வாளி நீரைக் கொட்டி, அது வடிகாலுக்கு ஓடுகிறதா, கதவுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். எல்லா மின்துளைகளிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். குறையை வாயால் சொல்லாதீர்கள். எழுதி, படம் எடுத்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள்.

பூச்சில் முடியளவு விரிசல் வந்தால் பதறாதீர்கள். புதுக் கட்டடம் காய்ந்து சுருங்கும்போது வருவதுதான். பதற வேண்டியது வேறு. சிமென்ட் தளப்பூச்சு காய, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது பழைய கணக்கு. கனம் கூடினால் அதைவிட அதிகம். அவசரப்பட்டு அதன்மேல் மரத்தரை போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டு மாதத்தில் தரை படகுபோல் வளைந்தது.

பால்கனியில் பூந்தொட்டி

காற்று அதைக் கீழே எறியும். கீழே ஆள் நடக்கிறார்கள்.

தீ எச்சரிக்கை மணியைக் கேட்டும் படுத்திருப்பது

புதுக் கட்டடத்தில் முதல் சில மாதம் இந்த மணி வீணாக அடித்துக்கொண்டே இருக்கும். வேலை முடியாத மாடிகளில் மரம் அறுக்கும் தூசி புகை உணரியில் பட்டாலே போதும். மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் எழுந்திருப்பதில்லை, நானும்தான். பதினோராவது முறை நள்ளிரவில் அடித்தபோது ஒன்பதாவது மாடியில் உண்மையாகவே ஒரு சமையலறை எரிந்துகொண்டிருந்தது. நீர் தெளிப்பான் வேலை செய்தது, யாருக்கும் காயமில்லை. ஆனால் படிக்கட்டுக்கு ஓடியவர்கள் அங்கே புகையைப் பார்த்தார்கள். எந்நேரமும் மூடியிருக்க வேண்டிய ஒன்பதாம் மாடித் தீத்தடுப்புக் கதவுக்கு, சாமான் ஏற்ற வசதியாக யாரோ ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டையை நான் எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கான கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். அடுத்த கூட்டத்துக்கு ஃபோம் பலகை ஒன்றையும் கொண்டுபோக வேண்டும்.