புதிய வார்டு உறுப்பினர்களுக்கு: முதல் மன்றக் கூட்டத்துக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

தேர்தல் முடிவு வந்த மறுநாளே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் "முடிச்சுத் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான உள்ளாட்சிகளில் ஓர் உறுப்பினர் தனியாக எந்த வேலைக்கும் ஆணையிட முடியாது. மன்றம் கூடித் தீர்மானம் போட்டால்தான் அது செல்லும்.

1. காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

உள்ளாட்சிச் சட்டம், கூட்ட நடைமுறை விதிகள், நடப்பு ஆண்டு பட்ஜெட், கடைசித் தணிக்கை அறிக்கை, கடந்த 12 மாத மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு), நடந்துகொண்டிருக்கும் டெண்டர் வேலைகளின் பட்டியல். வாய்மொழியாகக் கேட்டால் நாள் ஓடிவிடும். தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறை விதிகளில் முதலில் பார்க்க வேண்டியவை: கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும்) எவ்வளவு, கேள்வியை எத்தனை நாள் முன்னதாகத் தர வேண்டும், தீர்மானத்தில் திருத்தம் கொண்டுவருவது எப்படி. பல நல்ல கேள்விகள் கெடு தாண்டிக் கொடுத்ததால்தான் அவைக்கு வராமலே போகின்றன.

2. பட்ஜெட்டைக் குறுக்கே படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கடைசியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்து ஒன்றும் புரியாது. ஒரே ஓர் இனத்தை (செலவுத் தலைப்பை) எடுத்து, போன ஆண்டு ஒதுக்கீடு, உண்மைச் செலவு, இந்த ஆண்டு ஒதுக்கீடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தெருவிளக்குப் பராமரிப்புக்கு 100 ஒதுக்கி, 55 செலவாகி, இந்த ஆண்டு 120 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே முறைகேடு என்று கிளம்பிவிடாதீர்கள். டெண்டர் தாமதமாக முடிந்திருக்கலாம்; வேலை முடிந்தும் பில் பாக்கி நிற்கலாம். எது காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்த மானியத்தைப் பொதுவாக வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. புதுப் பூங்கா, புதுக் கட்டடம் என்றால் கட்டும் செலவோடு நிற்காது; காவலாளி, தண்ணீர், மின்கட்டணம் என்று ஆண்டுதோறும் வரும். அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் கைதூக்காதீர்கள்.

3. புகார் நோட்டு

தேதி, சரியான இடம், எப்போதிலிருந்து, எந்தப் பிரிவுக்கு அனுப்பியது, புகார் எண், பதில். ஒவ்வொரு புகாருக்கும் இவ்வளவும் வேண்டும். "எங்க தெருவுல லைட் எரியல" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு கம்பத்தில் மட்டும் எரியவில்லையா? விளக்கோ அதன் இணைப்போ போயிருக்கும். வரிசையாக அணைந்திருக்கிறதா? கேபிளையோ சுவிட்ச் பெட்டியையோ பார்க்க வேண்டும். பகலிலும் எரிகிறதா? டைமர் அல்லது சென்சார் கோளாறாக இருக்கலாம். கம்ப எண்ணும் இந்த விவரமும் இருந்தால் சரியான ஆள் சரியான பொருளோடு வருவார். சாக்கடையும் அப்படித்தான்: மழையில்லாத நாளிலும் பொங்கினால் அடைப்பாக இருக்கலாம், மழை பெய்தால் மட்டும் பொங்கினால் மழைநீர் அதில் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

களப்பணியாளரை நேராகக் கூப்பிட்டு வேலை ஏவாதீர்கள். அவருக்கு இரண்டு மேலாளர்கள் ஆகிவிடுவார்கள், இரண்டு வேலையும் நிற்கும். பிரிவுத் தலைவர் வழியாகவே போங்கள்.

4. கூட்டத்தில்

அஜெண்டா வந்தவுடன் பணம் செலவாகும் இனங்களைத் தனியே குறியுங்கள். அதில் உங்களுக்கோ உறவினருக்கோ வியாபாரத் தொடர்பு இருந்தால், விவாதம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வாக்களிக்க வேண்டாம், விதி கேட்டால் அவையை விட்டே வெளியேறுங்கள். நீங்கள் சொன்னது மினிட்ஸில் ஏற வேண்டும். மறைத்தால் தீர்மானமே பின்னால் ரத்தாகலாம், பதவிக்கும் ஆபத்து.

திருத்தத்தைத் தாளில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். எதிர்ப்பு இருந்தால் அந்த இனம் முடிவதற்குள் பதியச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை உறுதி செய்யும் முன் உங்கள் பெயர் வரும் இடங்களை எழுத்தெண்ணிப் படியுங்கள். உறுதியான பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் எடுபடுவது கடினம்.